உப்புக்குக் கீழே கோழி

ரெஜிஸ் எதையும் படிக்காமல் வாயில் போடமாட்டார். பிஸ்கட் பாக்கெட் கையில் வந்தால் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பார், பிறகுதான் பிரிப்பார். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால் கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அதற்குள் அது உருகி முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிவிடும்.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும் வாசகங்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. அதற்காக அவரை யாரும் விரும்பியதில்லை. ஓய்வு பெற்ற அன்று பட்டுச் சால்வை என்று சொல்லி ஒன்றைப் போர்த்தினார்கள். மேடையிலேயே அதன் ஓரத்தைத் திருப்பிப் படித்தார். பாலியஸ்டர் என்று ஏற்புரையில் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

“என் முதுகுல ஏதாவது எழுதியிருந்தா, அதைப் படிச்சு முடிச்சிட்டுத்தான் இவரு தாலி கட்டியிருப்பாரு” என்பார் அவருடைய மனைவி லிசி.

லிசி பள்ளி ஆசிரியை. ஸ்ரீரங்கத்துக்கு மாற்றல் வந்தது. குடியிருந்த காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வீங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தேடினார்கள். அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் அமிர்தவர்ஷினி அபார்ட்மென்ட்ஸில் ஒன்று காலியாக இருந்தது. வாசலில் பலகை தொங்கியது: வெஜிடேரியன்ஸ் ஒன்லி.

மற்ற ஊர்களில் இந்தப் பலகையில் ‘சைவம் மட்டும்’ என்று தமிழில் எழுதுவார்கள். ஸ்ரீரங்கத்தில் அது முடியாது. பெருமாளின் ஊரில் சைவம் என்று எழுதினால் சிவனடியார்களுக்கு மட்டும் வீடு என்று அர்த்தமாகிவிடும். அதனால் தமிழ்நாட்டின் நடுவில் இருக்கும் ஒரு ஊர், தான் என்ன சாப்பிடுகிறது என்பதைத் தன் மொழியில் சொல்ல வழியில்லாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பலகையின் உண்மையான அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சாதியைக் கேட்டால் சட்டம் கேட்கும், ஆகவே சாப்பாட்டைக் கேட்கிறார்கள். ஒருவன் வாடகை தருவானா, குழாயை மூடுவானா, பக்கத்து வீட்டுக்காரனோடு மரியாதையாகப் பேசுவானா என்பதெல்லாம் அடுத்தபடி. முதல் கேள்வி, அவன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு ரெஜிஸிடம் அச்சடித்த பதில் இருந்தது. கால் கட்டைவிரல் வீக்கத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை. யூரிக் அமிலம் ஏறிக் கிடந்தது. கறி, மீன், கருவாடு எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தியிருந்தார்.

அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர் மணவாளன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

“பகவான் ஒவ்வொருத்தரை ஒவ்வொரு விதமா திருத்தறார் பாருங்கோ” என்றார். “நாய் இருக்குன்னேளே?”

அது மகள் லின்சியின் நாய். மார்ஷல் என்று பெயர். லின்சி புனேவுக்கு வேலைக்குப் போனபோது இவர்களிடம் விட்டுப் போனாள்.

“நாங்க சாப்பிடறதைத்தான் சார் அதுவும் சாப்பிடும்” என்றார் ரெஜிஸ்.

வாழ்நாளில் யோசிக்காமல் அவர் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். வீடு கிடைத்துவிட்டது. மார்ஷலுக்குத் தயிர்சாதம் ஆரம்பமாயிற்று. லிசிக்குக் கவலையில்லை, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் பேட்ரிசியா டீச்சரின் டிபன் டப்பாவில் வஞ்சிரம் வறுவல் வந்துவிடும். ரெஜிஸுக்கும் கவலையில்லை, அவருக்கு வேறு வழியே இல்லை. மார்ஷலுக்குத்தான் யூரிக் அமிலமும் கிடையாது, பேட்ரிசியா டீச்சரும் கிடையாது. சில வாரங்களில் முதுகில் ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்தது. பிறகு தட்டு அகலத்துக்கு. மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

தென்னூரில் கால்நடை மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஸஹ்ராவிடம் கூட்டிப் போனார்கள். லின்சியோடு படித்தவர், அதனால் ரெஜிஸை அங்கிள் என்பார். தயிர்சாதம் என்று கேட்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

“நல்ல புரதம் உள்ளே போகல அங்கிள். இப்படியே விட்டா தோலோட நிக்காது, ஆளையே சாய்ச்சிடும். நாய்க்குன்னே செய்யற தீவனம் வாங்குங்க. ஆனா படம் பார்த்து வாங்காதீங்க, பின்னாடி படிச்சு வாங்குங்க.”

படித்து வாங்குங்கள் என்று ஒருவர் தன்னிடம் சொல்லும் நாளுக்காக ரெஜிஸ் அறுபது வருடம் காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர் விளக்கியது சுருக்கமாக இதுதான். பையின் பின்னால் பொருள்களை எடை வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். எது அதிகமோ அது முதலில். முதல் இடத்தில் பெயர் சொல்லி ஒரு இறைச்சி இருக்க வேண்டும். கோழி என்றால் கோழி, ஆடு என்றால் ஆடு. ‘விலங்குசார் துணைப்பொருள்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் எந்த விலங்கு என்று சொல்ல அவர்களுக்கே வெட்கமாக இருக்கிறது என்று அர்த்தம். மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளக் குளூட்டன் என்று ஒரே சோளத்தை மூன்றாகக் கூறுபோட்டு எழுதியிருந்தால், கூட்டிப் பார்த்தால் அது முதலிடத்துக்கு வந்துவிடும் என்பதற்காகச் செய்கிற தந்திரம். கடைசியாக, உப்பைத் தேடுங்கள். நாய்த் தீவனத்தில் உப்பு பொதுவாக ஒரு துளிதான் போடுவார்கள். அதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் அதைவிடக் குறைவு, வாசனைக்குக் காட்டியது.

கடைசி விதி ரெஜிஸை மயக்கிவிட்டது. உப்புக்கு மேலே, உப்புக்குக் கீழே. உலகத்தையே அப்படி இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றியது. தில்லைநகர்க் கடைகளில் பைகளைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். வாங்குகிற ஆள்போலத் தெரியாததால் ஒரு கடையில் உதவியாளரே பின்னால் வந்து நின்றார். கோழி, கோழி மீல், முட்டை என்று தொடங்கும் ஒரு நல்ல தீவனத்தைத் தேர்ந்தெடுத்தார். இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரை சமாளிக்க ஒரு சின்னப் பை வாங்கிக்கொண்டார். முன்பக்கம் முழுக்க ஒரு சேவல் கொண்டையை ஆட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் அதே மூன்று சோளம், தவிடு, சோயா, உப்பு. உப்புக்குக் கீழே ‘சிக்கன் மீல்’.

அந்தச் சேவல்தான் மாட்டிவிட்டது. காலிப் பையைக் குப்பைக் கூடையில் போட, அதை மணவாளன் கண்டெடுத்தார். அன்று மாலையே கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. சங்கம் கூடியது. மணவாளன் பையை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை உரக்க வாசித்தார். சிக்கன் மீல் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

“மீல்ஸ்” என்றார். “சார், நாய்க்கு டெய்லி சிக்கன் மீல்ஸ் போடறேள்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மீல்ஸ் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான். வாழையிலை, சாதம், இரண்டு கூட்டு, அப்பளம், கேட்டால் இரண்டாம் முறை சாதம். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கண் முன்னாலும் மார்ஷல் ஒரு இலை முன் உட்கார்ந்து சிக்கன் குழம்பை வழித்துக்கொண்டிருந்தது.

“குழம்பும் உண்டா?” என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டேவிட்டார்.

ரெஜிஸ் எழுந்தார். இப்படியொரு சபை அவருக்கு அமைந்ததில்லை. மீல்ஸ் அல்ல, மீல் என்றார். கோழியை வேகவைத்து, கொழுப்பையும் நீரையும் எடுத்து, காயவைத்து அரைத்த தூள் என்றார். மூன்று சோளங்களையும் விரல் விட்டுக் கூட்டிக் காட்டினார். எடை வரிசையை விளக்கினார். பிறகு உப்புக்கு வந்தார். இந்தப் பையில் கோழி உப்புக்கும் கீழே, ஆகவே கோழி என்று ஒன்று இதில் இருப்பதாகவே சொல்ல முடியாது, சேவல் போட்டோவுக்கு மட்டும் வந்து போயிருக்கிறது, வாங்குகிறவனை ஏமாற்றும் மோசடி இது என்று முழங்கினார். பேச்சு முடிந்தபோது சிலர் கைதட்டினார்கள். எவ்வளவு மட்டமான தீவனம் என்பதை நிரூபிக்க நிரூபிக்க மணவாளன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“அப்போ இது தோஷமில்லை” என்றார். “இதையே தீர்மானமா போட்டுடலாம்.”

தீர்மானத்தை எழுதும் பொறுப்பு முதல் மாடி பத்மாசனியிடம் வந்தது. கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். யார் பேசினாலும் கண்ணை மூடிக் கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம், நடுவில் ஒரு கமாவைத் திருத்துவார். மேற்படி குடியிருப்பில் வசிக்கும் சைவ நாய் என்று அவர் தொடங்கினார். மூன்றாம் மாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“பெருமாள் சன்னிதி இருக்கற ஊர்ல நாயை சைவம்னு எழுதறதாவது? நாளைக்கு அது நெத்தியில பட்டை போட்டுண்டு வந்தா யார் பொறுப்பு?”

வைஷ்ணவ நாய் என்று போட்டால் என்ன என்று பின்வரிசையில் யாரோ கேட்டார். எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். கேட்டவரும் தான் கேட்கவில்லை என்பதுபோல் மேலே கூரையைப் பார்த்தார். வெஜிடேரியன் நாய் என்பதைப் பத்மாசனி ஏற்கவில்லை, தீர்மானம் தமிழில் இருக்கிறது என்றார். நாயின் சமயத்தைப் பற்றி ஒரு சபை அவ்வளவு நேரம் ஆலோசித்தது. ஒரு மனிதனுக்கு வீடு இல்லை என்று சொல்ல அதே சபைக்கு அரை நிமிடம் போதும். கடைசியில் ‘புலால் உண்ணா நாய்’ என்று முடிவாயிற்று. தீர்மானம் இப்படி நிறைவேறியது: புலால் உண்ணா நாய்க்குரிய உணவுக் கலத்தில் உள்ள பொருள்களில், எடை வரிசைப்படி, உப்புக்கு மேல் புலால் இருத்தல் கூடாது. உப்புக்குக் கீழ் இருப்பது புலாலாகக் கருதப்படமாட்டாது. மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ரெஜிஸ் வெற்றிவீரராக மாடி ஏறினார். லிசி கதவைத் திறந்து முழுக் கதையையும் கேட்டார்.

“ஜெயிச்சிட்டீங்க, சரி. அடுத்த வாரம் வரப்போற பையில கோழி எங்க இருக்கு?”

“முதல்ல இருக்கு.”

“உப்பு?”

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசிப் பக்கத்தைப் படிக்கிறவனின் முகம் ரெஜிஸுக்கு வந்திருந்தது.

நல்ல தீவனம் வந்தது. கடைக்காரர் போன் செய்தார். ரெஜிஸ் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு சேவல் படம் போட்ட பையையே வாங்கினார். மணவாளன் ஒவ்வொரு பையையும் வாசலில் நிறுத்திப் படித்து, விரலால் உப்பைத் தொட்டு, அதற்குக் கீழே கோழியைத் தொட்டு, மேலே அனுப்பினார். நல்லது எல்லாம் தடை, மட்டமானது எல்லாம் அனுமதி. அந்தக் கட்டடத்துக்கு அது வினோதமாகப் படவில்லை. மார்ஷலின் வாலிலும் முடி போயிற்று. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. ஸஹ்ராவிடம் மறுபடி கூட்டிப் போனபோது அவர் பையின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ரெஜிஸைப் பார்த்தார்.

“இதைப் படிச்சிட்டா வாங்கினீங்க?”

“படிச்சுத்தான்.”

“இன்னும் ஒரு மாசம் இதையே போட்டீங்கன்னா, அடுத்த தடவை நீங்க மட்டும்தான் அங்கிள் வருவீங்க.”

வீடு மாறலாம் என்று ரெஜிஸ் சொன்னார். லிசி புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினார். லின்சியிடம் அனுப்பலாம் என்றார் ரெஜிஸ். புனேவில் அவள் தங்கியிருக்கும் விடுதியில் பூனையைக்கூட விடமாட்டார்கள். தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, மார்ஷல் எழுந்து வந்து ரெஜிஸின் செருப்பின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. அதற்குத் தமிழ் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். செருப்பு கதகதப்பாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ரெஜிஸே சங்கத்தைக் கூட்டச் சொல்லி, லிசியோடு போனார். இந்த முறை விளக்கப் போகவில்லை, கேட்கப் போனார். வாடகை கொடுக்கிறவன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையைக் காட்டி உள்ளே வந்தது என் தப்பு, அதை வாங்கிப் படித்தது உங்கள் தப்பு என்றார். என் உடம்பில் அந்த அமிலம் இல்லாமல் இருந்திருந்தால் நான் கெட்டவனா, பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களில் எத்தனை பேர் நம் எல்லோரையும்விட நல்லவர்கள் என்று யாருக்காவது தெரியுமா என்றார். இப்படி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

மணவாளன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“உங்களை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே சார்” என்றார். “நாயைத்தானே கேக்கறோம்.”

நியாயத்தைப் பேசுகிறவனை இந்த நாட்டில் யாரும் அடித்து உட்கார வைப்பதில்லை. இப்படி ஒரு பதிலைச் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். ரெஜிஸ் உட்கார்ந்தார். ஆனால் மணவாளனுக்கும் சங்கடம் இருந்தது. கேட்டருகே மொட்டைத் தோலோடு கிடக்கும் நாயைப் பார்த்துவிட்டு, கட்டடத்தில் தொற்றுநோயா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பியிருந்தது. நாய் தேற வேண்டும், தீர்மானமும் மாறக் கூடாது.

பத்மாசனி கண்ணைத் திறந்தார்.

“தீர்மானத்துல பைன்னு இல்லை. உணவுக் கலம்னு இருக்கு. லிசி, நீங்க நாய்த் தீவனத்தை எதுல கொட்டி வைக்கறேள்?”

“டிரம்முல, மாமி.”

“அப்போ டிரம்தான் கலம். கலத்துல உள்ள பொருள்கள், எடை வரிசைப்படி. அதுக்குள்ள தீவனப் பையை விடக் கனமா உப்பை வெச்சுட்டா, உப்புதான் முதல்ல வரும். கோழி கீழே போயிடும். உப்பைப் பிரிக்கணும்னோ கலக்கணும்னோ எங்கயும் சொல்லலை.”

யாரும் சிரிக்கவில்லை. மணவாளன் தீர்மானத்தை எடுத்து வரிவரியாகப் படித்தார். முகத்தில் மெல்ல நிம்மதி பரவியது. சட்டத்தை வளைக்காமல் நாயைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சம்மதமா என்று ரெஜிஸைக் கேட்டார்.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மூடிய உப்புப் பாக்கெட்டுக்கும் நாய் தின்னும் தீவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். இதை ஒப்புக்கொண்டால் அந்தத் தீர்மானத்தையே ஒப்புக்கொண்டது ஆகும், தீர்மானத்தை ஒப்புக்கொண்டால் வாசல் பலகையையும். எல்லாம் தெரிந்துதான் தலையை ஆட்டினார். அதைத் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். வாதத்தில் நேர்மையாக இருந்தால் நாய் சாகும் என்கிற இடத்துக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு இதில் என்ன வெற்றி என்பது வேறு கேள்வி.

அடுத்த நாள் காலை நல்ல தீவனம் வந்தது. உப்பு ஒரு பண்டல் வந்தது. முதலில் ரெஜிஸ் கல் உப்பு மூட்டைதான் வாங்கியிருந்தார். லேபிள் இல்லாத உப்பை எப்படி நம்புவது என்று மணவாளன் திருப்பி அனுப்பச் சொல்ல, பாக்கெட் உப்பாக மாற்றி வாங்கி வந்தார். சோதித்துப் பார்க்க மணவாளன் முதல் முறையாக அவர்கள் வீட்டுக்குள் வந்தார். கொக்கித் தராசில் தீவனப் பையைத் தொங்கவிட்டார். உப்புப் பண்டலைத் தொங்கவிட்டார். உப்பு கனம். டிரம்முக்குள் முதலில் உப்பு இறங்கியது, அதன் மேல் தீவனம். தீவனப் பையின் வாயைப் பிரித்ததும் எழுந்த வாசனைக்கு மார்ஷல் மாடி முழுவதும் ஏறி வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, எச்சில் ஒழுகக் காத்திருந்தது.

லிசி தட்டில் போடக் கையில் அள்ளினார். மணவாளன் ஒரு நிமிடம் என்றார். டிரம்முக்குள் குனிந்து ஒரு உப்புப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். இந்த வீட்டிலிருந்து கற்ற பழக்கம் அது. பின்பக்கத்தைப் படித்தார். புருவம் நெரிந்தது.

“சார், இது என்ன? ஆன்டி கேக்கிங் ஏஜென்ட்னு போட்டிருக்கான். கேக்னா முட்டை போடுவாளே?”

உப்பு கட்டிதட்டாமல் பொலபொலவென்று இருப்பதற்காகச் சேர்க்கும் பொருள் அது. தின்னும் கேக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரெஜிஸுக்கு அது நன்றாகத் தெரியும். விளக்குவதற்கு அவர் வாய் தானாகவே திறந்தது. விளக்கினால் அந்தப் பொருள் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அவரிடம் நல்ல பதில் இருந்தது. அதற்கு அடுத்து ஒரு கூட்டம் வரும். மார்ஷல் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“அது கேக்குக்கு எதிரி சார்” என்றார் ரெஜிஸ். “கேக் இருக்கற இடத்துல அது இருக்காது.”

மணவாளன் பாக்கெட்டை இன்னொரு முறை பார்த்தார்.

“ஓ, ஆன்டியா? அப்போ சரி” என்று டிரம்முக்குள் வைத்தார்.

லிசி தட்டை நிரப்பினார்.